காற்றுக்குக் கிழமை தெரியாது

நயினாருடைய ஆய்வேட்டின் நூற்று நாற்பத்திரண்டாம் பக்கத்தில் இருந்த ஒரு பத்தியைப் பற்றி அவனுக்குக் கொஞ்சம் தலைக்கனமே உண்டு. ஆறு வருட முனைவர் பட்டப் படிப்பில் மற்ற பக்கங்களை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம், அந்த ஒரு பத்தியைத் தன்னைத் தவிர எவனாலும் எழுத முடியாது என்று நினைத்திருந்தான். சங்கதி இதுதான்: வெண்குடையின் கீழே வாழும் பெண்பிள்ளைகளில் ஒருத்திகூட ஆடியிலும் மார்கழியிலும் வயதுக்கு வருவதில்லை.

வெண்குடை என்றால் என்ன என்று அந்த நாளில் திருநெல்வேலிச் சீமையில் பச்சைப்பிள்ளையைக் கேட்டாலும் சொல்லும். வெயில் தாங்காமல் ஜனங்கள் ரோட்டில் சுருண்டு விழுந்த காலத்தில், கடலோரத்திலிருந்து ராக்கெட்டில் ஏற்றிக்கொண்டுபோய், தொண்ணூறு கிலோமீட்டருக்கும் மேலே வெள்ளைப் பொடியைத் தூவினார்கள். பூமியின் காந்த நடுக்கோடு இந்தப் பக்கமாகப் போகிறது. அதனால் நம் தலைக்கு மேலே அந்த உயரத்தில் பகலெல்லாம் ஒரு மின்னோட்டம் ஓடுகிறது. பொடி அதில் மாட்டிக்கொண்டு, எங்கும் கலைந்து போகாமல், இந்தச் சீமைக்கு மேலேயே ஒரு நீளத் துண்டுபோல நின்றது. ஐம்பதைத் தொட்டுக்கொண்டிருந்த மே மாத வெயில் நாற்பத்திரண்டுக்கு இறங்கியது.

நயினாரின் அப்பா ரோட்டில் தார் ஊற்றிக்கொண்டிருந்தபோதே விழுந்து செத்தவர். குடை இரண்டு வருடம் முன்னால் விரிந்திருந்தால் மனிதர் இருந்திருப்பார். மேல் வளிமண்டலத்தைப் படிக்க வேண்டும் என்று அவன் கிளம்பியதே அந்த ஆத்திரத்தில்தான்.

மேலே போன பொடி ஒன்பது வருடம் அங்கேயே நின்றுவிட்டு, பிறகு கண்ணுக்குத் தெரியாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கும். குளத்தில் விழும், வயலில் விழும், பால் கறக்கும் வாளியில் விழும். குடை விரித்துப் பதின்மூன்று வருடம் ஆகிவிட்டது. ஆக நாலு வருடமாக அது நம் சோற்றில் இருக்கிறது. அது பிள்ளைகளின் வளர்ச்சியைக் கெடுக்கிறதா என்று பார்த்த ஒரே ஆய்வு நயினாருடையது. பள்ளிக்கூடச் சுகாதாரப் பதிவேடுகளிலிருந்து நானூற்றுப் பன்னிரண்டு பெண்களின் 'பூப்பெய்திய நாளை' எடுத்துப் பட்டியல் போட்டான். சராசரி வயது பன்னிரண்டே கால். எந்தக் கோளாறும் இல்லை. ஆடியும் மார்கழியும் மட்டும் காலி. மேல் வளிமண்டலம் வருடத்துக்கு இரண்டு முறை, ஜனவரியை ஒட்டியும் ஜூலையை ஒட்டியும் மெலியும் என்பது அவன் துறையில் எல்லாருக்கும் தெரிந்ததுதான். இரண்டையும் முடிச்சுப் போட்டான். பொடியால் பருவம் தள்ளிப்போகவில்லை, மாதத்தைத்தான் மாற்றிக்கொள்கிறது என்று எழுதினான். பேராசிரியர் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

வியாழக்கிழமை நிபுணர் குழு கூடப்போகிறது. குடையை இன்னும் முப்பது வருடத்துக்கு நீட்டிப்பதா என்று முடிவு செய்ய வேண்டும். அவர்கள் மேசையில் பிள்ளைகளைப் பற்றி இருக்கப்போகிற ஒரே காகிதம் அந்த நூற்று நாற்பத்திரண்டாம் பக்கம்.

திங்கட்கிழமை காலை ஆய்வகத்துக்கு ஒரு பெண் வந்தாள். நாற்பது வயதிருக்கும். கையில் பழைய பிஸ்கட் டின் ஒன்று. மூடியில் உண்டியல்போல ஒரு கீறல்.

"நான் ஜெபசீலி. பாறைக்குளம் பள்ளிக்கூடத்துல வளரிளம் பருவக் கல்வி எடுக்கேன். உடம்பு எப்படி மாறுது, மனசு எப்படி மாறுது, யாரு தொடலாம் யாரு தொடக்கூடாது, அந்தப் பாடம்" என்றாள்.

"எங்க அக்கா மக கோமதி அங்கதான் பத்தாவது படிக்கா."

"தெரியும் சார்" என்று சொல்லிவிட்டு, அவள் டின்னை மேசையில் வைத்தாள். "கூச்சத்துல பிள்ளைய எழுந்து கேக்க மாட்டாவ. அதான் இந்தப் பெட்டி. சீட்டுல எழுதிப் போடுவாவ, பேர் வேண்டாம். நான் பின்னாடி சிவப்பு மையில பதில் எழுதி வகுப்புல வாசிப்பேன். யாரு எழுதுனான்னு ஒருத்தர்கிட்டயும் வாயத் தொறக்க மாட்டேன்னு பிள்ளையளுக்குச் சத்தியம் பண்ணிக் குடுத்திருக்கேன். இதுல முந்நூத்தி நாப்பது சீட்டு இருக்கு. எல்லாத்தையும் படிங்க சார்."

நயினார் ஆராய்ச்சிக்காரன் இல்லையா? முந்நூற்று நாற்பதையும் எவன் படிப்பான்? டின்னைக் குலுக்கிக் கொட்டினான். பத்துக்கு ஒன்று என்று மாதிரி எடுத்தான். முப்பத்துநாலு சீட்டு. மிச்சத்தை உள்ளே போட்டு மூடினான். ஜெபசீலி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

'டீச்சர், பாடத்தில் உள்ள மாற்றமெல்லாம் நிஜமாகவே யாருக்காவது வந்திருக்கிறதா?' என்று ஒரு சீட்டு கேட்டது. 'என் குரல் எப்போது உடையும்? அண்ணனுக்கு எட்டாவதிலேயே உடைந்தது. நான் பிளஸ் ஒன்' என்றது இன்னொன்று. மூன்றாவதைப் பென்சிலால் எழுதி, அழித்து, மறுபடியும் எழுதியிருந்தது: 'எனக்குச் சடங்கு சுற்றினார்கள். ஆனால் எனக்கு ஒன்றும் வரவில்லை. இப்போது நான் பொய்க்காரியா, அம்மா பொய்க்காரியா?'

அதேபோல இன்னும் ஒன்பது இருந்தன.

"பதிவேட்டுல தேதி இருக்கே டீச்சர்" என்றான் நயினார். 

"நர்சம்மா வந்து தாய்மார்கிட்ட கேட்டு எழுதிக்கிடுவாவ. பிள்ளைய யாரு கேட்டா? பன்னெண்டு வயசாச்சு, பொண்ணு ஆளாகலன்னா ஊரு என்ன பேசும்? நம்ம வீட்டுல மட்டுந்தான் இப்படின்னு ஒவ்வொருத்தியும் நெனைச்சுக்கிட்டு, பந்தல் போட்டு, ரேடியோ செட்டு வச்சு, சடங்க நடத்திப்புடுதா. இல்லாத ஒண்ணுக்குத் தேதி வேணும்லா? பஞ்சாங்கத்தப் பாத்து நல்ல நாளா ஒண்ணு சொல்லிருதாவ." அவள் கொஞ்சம் தயங்கினாள். "சார், மாசம் மாசமாப் பாத்தியளே, கிழமை பாத்தியளா?"

அவன் பார்க்கவில்லை. ஏன் பார்க்க வேண்டும்? காற்றுக்குக் கிழமை தெரியாது. தொண்ணூறு கிலோமீட்டர் உயரத்தில் செவ்வாயும் ஒன்றுதான், வெள்ளியும் ஒன்றுதான்.

கணினியில் கிழமை வாரியாகப் பிரிக்க ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. திங்கள் எண்பத்தெட்டு. புதன் நூற்று நாலு. வியாழன் தொண்ணூற்றேழு. வெள்ளி நூற்றுப் பதினாறு. ஞாயிறு ஏழு. செவ்வாய் பூஜ்யம். சனி பூஜ்யம்.

குடை விரிப்பதற்கு முந்தைய பழைய பதிவேடு ஒன்று அவனிடம் இருந்தது. அதையும் பிரித்துப் பார்த்தான். அதில் ஏழு கிழமையும் ஏறக்குறையச் சமம். ஆடியிலும் உண்டு, மார்கழியிலும் உண்டு. அந்தக் காலத்துப் பிள்ளைகள் நல்ல நாள் பார்க்காமல் வயதுக்கு வந்திருந்தார்கள்.

"எங்க ஆளுகளும் சளைச்சவங்க இல்ல சார்" என்றாள் ஜெபசீலி. "லெந்து நோம்பு நாள்ல ஒரு வேதக்காரப் பிள்ளையும் உக்காரல, பாத்துக்கிடுங்க."

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. நானூற்றுப் பன்னிரண்டில் ஒன்றுகூட உண்மையில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. பொடி கட்டியாகிவிடாமல் இருக்க அதன்மேல் ஒரு பூச்சு உண்டு. மேலே வெயிலில் ஒன்பது வருடம் வெந்து அது வேறு ஏதாகவோ மாறி இறங்குகிறது என்று அவனே நாற்பதாம் பக்கத்தில் எழுதியிருக்கிறான்.

"மூளைக்குள்ள ஒரு சேவல் இருக்குன்னு பிள்ளையளுக்குச் சொல்லிக்குடுப்பேன்" என்றாள் அவள் எழுந்துகொண்டே. "காலம் வந்ததும் அது கூவும், உடம்பு முழிச்சுக்கிடும்னு. இப்ப வகுப்புல அறுபது பிள்ளை உக்காந்து கூவாத சேவலப் பத்தி நோட்டுல எழுதிக்கிட்டிருக்கு. என்னால முடியல சார். பெட்டி இங்கேயே இருக்கட்டும். படிங்க."

மறுநாள் பேராசிரியர் குற்றாலலிங்கத்தின் அறைக்குப் போனான். மனிதர் கெட்டவர் அல்ல. கிழமைப் பட்டியலை இரண்டு முறை பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"என்னவே, ஆறு வருஷம் கழிச்சு எல்லாம் பொய்யின்னு சொல்லுதீரு?"

"ஆமா சார். குழுவ ஒரு மாசம் தள்ளிவைக்கச் சொல்லுங்க. பிள்ளையள நேரா டாக்டர வச்சுப் பாப்போம்."

"எதக் காட்டித் தள்ளிவைக்க? பேரில்லாத சீட்டையா? மொட்டைக் கடுதாசின்னு ஒரு நிமிஷத்துல தூக்கி எறிஞ்சிருவான். கிழமைக் கணக்கையா? அதுக்கு நாலு விளக்கம் சொல்லுவான்." அவர் குரலைத் தாழ்த்தினார். "அப்படியே நிறுத்துனாலும் மேல நிக்கிறது இன்னும் ஒம்பது வருஷம் விழத்தான் செய்யும், உமக்குத் தெரியாதா? வெயில் வேற திரும்பிரும். எத்தன பேரு சாவான்?"

"தெரியும் சார். எங்கப்பாவே..."

"தெரியும்லா." கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "இப்ப மூணு வயசுல இருக்கிறது பன்னெண்டத் தொடுதவரைக்கும் பொடி விழும், அந்தப் பிள்ளையோட போகட்டும்னு சொல்லுதீரு. இனிமே பெறக்கப்போறதையாவது விட்டுரலாம்னு. சரிதான். ஒண்ணு செய்யும். பேரு போட்டு ஒரு காகிதம் கொண்டாரும். 'எனக்குச் சடங்கு நடந்துது, ஆனா எனக்கு ஒண்ணும் வரலை'ன்னு ஒரே ஒரு பிள்ளை தன் கையால எழுதினது போதும். அத மேசையில வச்சுட்டு நான் எந்திரிச்சுப் பேசுதேன். ஒண்ணே ஒண்ணு."

நயினாருக்கு யாரிடம் போக வேண்டும் என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை.

புதன்கிழமை மத்தியானம் பாறைக்குளத்தில் இறங்கினான். அவன் அக்கா உலகம்மை வாசலில் மிளகாய் வற்றல் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். இதே வாசலில்தான் இரண்டு வருடம் முன்னால் தாய்மாமன் என்ற முறையில் அவன் தென்னை ஓலை வெட்டி, கோமதிக்குக் குச்சில் குடிசை கட்டினான். இருபத்தொரு தட்டுச் சீர், பட்டுப் பாவாடை, மாலை. பூப்பெய்திய நாள் வைகாசி ஒன்பது, வெள்ளிக்கிழமை என்று அக்கா சொன்னாள். அவன் அதைப் பட்டியலில் முந்நூற்று ஆறாவதாக ஏற்றினான். சொந்த மருமகளும் தன் ஆராய்ச்சிக்கு உதவினாள் என்று அன்று அவனுக்குப் பெருமை வேறு.

கோமதி தண்ணீர் கொண்டுவந்தாள். ஏழாம் வகுப்பில் தைத்த சீருடை இன்னும் அளவாக இருந்தது. எப்படி இவ்வளவு நாள் தன் கண்ணில் படாமல் போயிற்று என்று நினைத்தான். வானத்தைப் பார்க்கிறவனுக்குக் கீழே என்ன தெரியும்?

"மாமா, ஜெபசீலி டீச்சர் ஒங்ககிட்ட வந்தாவளா?"

"வந்தாவ."

"பெட்டியக் குடுத்தாவளா? படிச்சியளா?"

"கொஞ்சம் படிச்சேன் தாயி."

"கொஞ்சமா?" என்றாள் அவள். சொம்பை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அவன் அக்காவிடம் சுற்றி வளைக்கவில்லை. கேட்டுவிட்டான். உலகம்மை வற்றலைக் கிளறிக்கொண்டே இருந்தாள். கை நின்றது. பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"ஒங்கிட்ட எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுல சொல்ல? சீரு செனத்தியோட வந்து நின்ன. மதுரையில ரெண்டு டாக்டர்கிட்டக் காட்டிட்டோம், ஒருத்தருக்கும் சொல்லாம. என் வயித்துல பெறந்ததுக்குத்தான் இந்தக் கொறைன்னு நெனச்சு ராவும் பகலும் கும்பிடாத சாமி இல்ல."

"ஒன் வயித்துல கொறை இல்லக்கா. நானூத்திப் பன்னெண்டு வீட்டுலயும் இதே கதைதான். ஒருத்தருக்கும் வரல."

உலகம்மை நிமிர்ந்து பார்த்தாள். "எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும். பொடிதான் காரணம். நீ ஒரு வார்த்தை எழுதிக் குடு. இல்ல, கோமுவ எழுதச் சொல்லு. பேரு போட்டு ஒரே ஒரு காகிதம். நாளைக்கே நிறுத்திரலாம்."

ஆனால் அவன் எதிர்பார்த்தது நடக்கவில்லை. அவன் அக்காவின் முகம் இரண்டு வருடத்துக்குப் பிறகு தெளிந்தது. கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூச்சை நிதானமாக விட்டாள்.

"எல்லாருக்கும்னா, அப்ப நாளைக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரன் ஒருத்தனும் வாயத் தொறக்க முடியாதுல்லா? அவன் வீட்டுலயும் இதே கதைதானே?"

"அக்கா, அது இல்ல விசயம்..."

"ஊரோட ஒத்ததுல. இதுல எம்மக மட்டும் பேரு போட்டு ஊரு சிரிக்கணுமா? மத்தவள்லாம் சமைஞ்சவளா இருப்பா, இவ மட்டும் சமையாதவள்னு பேப்பர்ல வருவாளா? குடைய மடக்குனா அப்பா மாதிரி இன்னும் எத்தன பேரு ரோட்டுல விழுவான்? அதயும் நீதான சொல்லுவ." அவள் எழுந்தாள். "பிள்ளைகிட்ட நீ கேக்கக்கூடாது. அவ பேர எங்கயாச்சும் எடுத்தன்னா, எம்மொகத்துல முழிக்காத. தாய்மாமன்னு ஒருத்தன் அவளுக்கு இல்லன்னு நெனச்சுக்கிடுதேன்."

தனக்கு மட்டும்தான் என்று நினைத்தபோது அவள் செத்துக்கொண்டிருந்தாள். எல்லாருக்கும்தான் என்று தெரிந்ததும் பிழைத்துக்கொண்டாள். இந்த நல்ல சேதியைத் தானே கொண்டுவந்து கொடுத்தோமே என்று அவனுக்குத் தலையில் அடித்துக்கொள்ளலாம்போல இருந்தது. புறப்படும்போது கோமதி ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஏதோ கேட்கப் போகிறவள்போல இருந்தது அவள் நிற்பு. அவன் தலையைக் குனிந்துகொண்டு பஸ்ஸுக்கு நடந்தான்.

வியாழக்கிழமை பத்தரைக்குக் கூட்டம் தொடங்கியது. ஒன்றரைக்கு ராகுகாலம் என்பதால் அதற்குள் கையெழுத்தை முடித்துவிட வேண்டும் என்று தலைவர் முதலிலேயே சொல்லிவிட்டார். நயினார் எழுந்து நின்று, நூற்று நாற்பத்திரண்டாம் பக்கம் தவறு என்று சொன்னான். தன் ஆய்வேட்டைத் தானே கிழிக்கிற மாணவனை அங்கே யாரும் பார்த்ததில்லை. கிழமைப் பட்டியலைத் திரையில் போட்டான்.

 ஏவுதளப் பொறியாளர், நல்ல வெள்ளைச் சட்டைக்காரர், உற்சாகமாகக் கையைத் தூக்கினார்.

"அதிசயமா இருக்கே சார்! எங்க ஏவுதல் பட்டியலும் அச்சு அசல் இதேதான். செவ்வாய், சனி நாங்க ராக்கெட் விடுறதே இல்ல. ஞாயிறு லீவு, அவசரம்னா ஒண்ணு ரெண்டு போகும். ஆடியில காத்து ஜாஸ்தி, மார்கழியில மேலிடம் நல்ல காரியம் வேண்டாம்னுரும்."

"அப்படின்னா," என்றார் தலைவர் மெதுவாக, "பொடி மேலே போற அன்னிக்குத்தான் பிள்ளைங்க வயசுக்கு வர்றாங்க. போகாத அன்னிக்கு வர்றதில்ல. பொடியால கெடுதல் இல்லைங்கிறது மட்டுமில்ல, அது வளர்ச்சிக்கு உதவுதுன்னே எடுத்துக்கலாம் போலிருக்கே?"

"சார், அது ரெண்டும் ஒரே பஞ்சாங்கம்!" என்று நயினார் கத்தினான். "நீங்களும் பாத்தீங்க, தாய்மாரும் பாத்தாங்க. அந்தத் தேதியெல்லாம் பொய் சார். ஒரு பிள்ளைகூட வயசுக்கு வரல."

"பொய்யின்னு யார் சொன்னது தம்பி? ஒரு பேர் சொல்லுங்க."

பேராசிரியர் குற்றாலலிங்கம் அவனைப் பார்த்தார். இருக்கிறதா என்று கண்ணால் கேட்டார். நயினாரின் நாக்கு நுனியில் அந்தப் பேர் வந்து நின்றது. ஜன்னல் கம்பியைப் பிடித்த கை நினைவுக்கு வந்தது. ஊர் முன்னால் அந்தப் பிள்ளையை நிறுத்தத் தனக்கு என்ன உரிமை என்று நினைத்தான். அவளைக் காப்பாற்றுகிறோம் என்றுதான் நினைத்தான். விழுங்கிவிட்டான்.

"பேர் இல்ல சார்."

பன்னிரண்டு ஐம்பதுக்குக் கையெழுத்தாயிற்று. முப்பது வருடம். பிறகு ஒன்பது வருடம். கிழமைப் பொருத்தத்தை மேலும் ஆராய அவனுக்கே ஓர் உதவித்தொகை தரலாம் என்றும் குறிப்பில் எழுதிக்கொண்டார்கள்.

ஆய்வகத்துக்குத் திரும்பி வந்தபோது மேசையில் பிஸ்கட் டின் அப்படியே இருந்தது. இனி இதை டீச்சரிடம் கொண்டுபோய்க் கொடுத்துவிட வேண்டும். கொடுப்பதற்கு முன் படித்தாவது விடுவோம் என்று தோன்றியது. இப்போது அவனுக்கு வேறு வேலையும் இல்லை. ஒவ்வொன்றாகப் பிரித்தான். குரல் உடையாத பையன்கள், மார்பு வளராத பெண்கள், 'இது பாவமா', 'இது தொற்றுமா', 'பெரியவர்களாகாமலே கிழவர்களாகிவிடுவோமா'. வெளியே குடையடியில் இதமான மத்தியானம் போய்க்கொண்டிருந்தது.

இருநூற்றுச் சொச்சமாவது சீட்டு மற்றவற்றைவிடப் பெரிதாக, நாலாக மடித்திருந்தது. பிரித்ததும் கையெழுத்து தெரிந்தது. அந்தப் பிள்ளைக்கு 'அ' எழுதப் பழக்கியவனே அவன்தான்.

'டீச்சர், எனக்குச் சடங்கு நடந்தது. ஆனால் எனக்கு இன்றுவரை ஒன்றும் வரவில்லை. வைகாசி ஒன்பது என்பது அம்மா பஞ்சாங்கத்தில் பார்த்துச் சொன்ன தேதி. எங்கள் மாமா மேலே போகும் பொடியைப் பற்றிப் படிக்கிறார்கள். அந்தத் தேதியை நிஜம் என்று நம்பித் தங்கள் புத்தகத்தில் எழுதிவிட்டார்கள். மாமாவின் படிப்பு முடியட்டும், அதைக் கெடுக்காதே என்று அம்மா சொல்கிறது. ஆனால் தப்பான கணக்கை வைத்து மாமா எப்படிப் பாஸ் ஆவார்கள்? எனக்குப் பயமில்லை. பேர் போடலாம் என்றால் போடுகிறேன். உ. கோமதி, பத்தாம் வகுப்பு, ஆ பிரிவு, பாறைக்குளம். மாமாவிடம் சொல்லலாமா டீச்சர்?'

அவன் சீட்டைத் திருப்பினான். பின்னால் சிவப்பு மையில், போன ஞாயிற்றுக்கிழமைத் தேதி போட்டு, ஜெபசீலி எழுதியிருந்தாள்.

'அவசியம் சொல்ல வேண்டும். உன் பேரை நான் என் வாயால் யாரிடமும் சொல்ல முடியாது. நாளைக்குப் பெட்டியை அப்படியே கொண்டுபோய் உன் மாமாவிடம் கொடுக்கிறேன். கவலைப்படாதே. அவர் படித்தவர். எல்லாவற்றையும் படிப்பார்.'